காட்டுங்கள் என்று கேட்டவர்கள்

1653ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமையன்று, கொச்சி ராஜ்யத்து மட்டாஞ்சேரியில், ஜீவமாதாவின் பெயரால் அமைந்த தேவாலயத்திலும் அதன் முற்றத்திலும் மலையாள நாட்டுச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாகக் கூடி, ஏற்றிய மெழுகுவர்த்திகளின் முன் விவிலியத்தைச் சாட்சியாக வைத்து, சேசு சபைப் பாதிரிமாருக்கும் அச்சபையைச் சேர்ந்த அதிமேற்றிராணியாருக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். முற்றத்தில் நின்ற கற்சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய அத்தனை பேருக்கும் இடம் போதாமையால், அதில் கயிறுகளைக் கட்டி நாலா திசையிலும் நீட்டினார்கள் என்றும், எட்ட நின்றவர்கள் அந்தக் கயிறுகளைப் பற்றிக்கொண்டு பிரமாண வாசகத்தைச் சொன்னார்கள் என்றும், அத்தனை பேர் இழுத்த பாரத்தால் சிலுவை கூனிப்போயிற்று என்றும் நஸ்ராணிகள் எனப்படும் இக்கிறிஸ்தவக் குடும்பங்களின் வாய்மொழி மரபு சொல்கிறது. கூனன் குரிசு சத்தியம் என்று இன்றும் வழங்கும் நிகழ்ச்சி இதுவே.

சரித்திர ஆசிரியர்கள் இதைப் பரங்கியராகிய போர்ச்சுக்கீசியரின் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி என்று எழுதுவார்கள்; அது பொய்யன்று. சபைகளின் வரலாற்றை எழுதுவோர், அந்தச் சத்தியம் ரோமாபுரிப் பாப்பரசருக்கே விரோதமானதா, சேசு சபையாருக்கு மட்டும் விரோதமானதா என்று இந்நாள்வரை வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நுழைய எனக்கு விருப்பமில்லை. என் சிந்தனை முழுவதும், முற்றத்தின் ஓரத்தில் கயிற்றின் நுனியைப் பற்றிக்கொண்டு நின்ற பெயரறியாத ஒரு மனிதனையே சுற்றிச்சுற்றி வருகிறது. மிளகுக் கொடிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்து, தனக்கு முழுதும் விளங்காத சுரியானி மொழியில் ஞாயிறுதோறும் குர்பானா என்ற திருப்பலி கண்டு, தகப்பன் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த அவன், வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு அன்று மட்டாஞ்சேரிக்கு வந்தது எதைத் தேடி? கடவுளைத் தேடித்தான் என்றால், அந்தத் தேடல் ஒரு சத்தியத்தில் போய் நின்றது ஏன்? ஒருவன் கடவுளை உண்மையாகவே தேடுகிறான் என்பதற்கு அடையாளந்தான் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான ஊரை என்னால் நினைக்க முடியவில்லை. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கடைத்தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர்களின் ஜெபாலயம் இருக்கிறது. அதற்கு அண்டையிலேயே, போர்ச்சுக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்ததும், பின்னால் டச்சுக்காரர் செப்பனிட்டதும், ராமாயணக் கதையைச் சுவர்கள் நிறையச் சித்திரமாகத் தாங்கியிருப்பதுமான அரண்மனை இருக்கிறது. கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணியரின் திருமலைக் கோயிலும், கச்சிலிருந்து வந்த முஸ்லிம்களின் பள்ளிவாசலும், குஜராத்தி ஜைனரின் ஆலயமும், நம் தமிழ்க் குடும்பங்கள் விளக்கேற்றும் சிறு கோயில்களும் ஒன்றையொன்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்கின்றன. சொந்த மண்ணில் நிம்மதியாகக் கும்பிட முடியாத பலருக்கும் கும்பிட இடங்கொடுத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலே, ஒரே கிறிஸ்துவைக் கும்பிடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் விலக்கிச் சத்தியம் செய்ய நேர்ந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

அந்தச் சத்தியத்தின் வேர் அரை நூற்றாண்டு பழமையானது. கி.பி. 52இல் அப்போஸ்தலராகிய தோமா கொடுங்கல்லூர்க் கரையில் வந்திறங்கித் தங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது மலையாளச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ஆதி மரபு. நூற்றாண்டுக்கணக்காகக் கீழ்த்திசைச் சபைகளிலிருந்து வந்த ஆயர்கள் அவர்களுக்கு மேய்ப்பர்களாக இருந்தார்கள். உள்நாட்டிலே அர்க்கதியாக்கோன் என்ற தலைவர் சமூகத்தை நடத்தினார். கோவாவின் அதிமேற்றிராணியாரான அலெய்ஷோ தெ மெனேசிஸ் 1599 ஜூன் மாதத்தில் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, அவர்களுடைய வழிபாட்டைத் திருத்தினார்; பிழையுள்ளவை என்று கருதப்பட்ட சுரியானி ஏடுகள் பல நெருப்புக்கு இரையாயின. அன்றுமுதல் லத்தீன் ஆயர்களே அவர்களை ஆண்டார்கள். மெனேசிஸும் கடவுளுக்காகவே உழைப்பதாக மனப்பூர்வமாக நம்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிறர் எந்த வாசல் வழியாகக் கடவுளிடம் போய்க்கொண்டிருக்கிறார்களோ, அந்த வாசலை அடைத்துவிட்டுத் தன் வாசல் வழியாக மட்டுமே வரச் சொல்லுகிறவனுடைய பக்தி எவ்வளவு ஆழமானதாயிருந்தாலும், பிறருக்கு அது பாரமாகவே முடியும்.

இந்த நிலையில் 1652இல் சூரத் துறைமுகத்தில் ஒரு கீழ்த்திசை ஆயர் வந்திறங்கினார். அஹத்தல்லா என்று பெயர் கொண்ட அவர் அலெப்போவில் பிறந்தவர். பாப்பரசரே தம்மை அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டவர். சூரத்திலிருந்து மயிலாப்பூர் வந்த அவரைப் போர்ச்சுக்கீசிய அதிகாரிகள் பிடித்துச் சேசு சபையாரின் இல்லத்தில் காவலில் வைத்தார்கள். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறையைத் தரிசிக்க மலையாளத்திலிருந்து மயிலாப்பூருக்கு யாத்திரை வந்திருந்த செம்மாசர்கள் என்ற இளம் திருத்தொண்டர்கள் அவரைச் சந்தித்து, அவர் எழுதிய சுரியானிக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுபோனார்கள். காலங்காலமாக எதிர்பார்த்திருந்த கீழ்த்திசை மேய்ப்பர் வந்துவிட்டார் என்ற செய்தி மலையாள நாட்டுத் தேவாலயங்களில் எல்லாம் பரவியது.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அதே காலத்தில் அதே மயிலாப்பூரில், அதே சேசு சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவர், கண்ணொளி மங்கிய நிலையில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்துக்கொண்டிருந்தார். 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் சம்ஸ்கிருதமும் கற்று, தத்துவபோதக சுவாமி என்று பெயர் பெற்ற ராபர்ட் டி நொபிலிதான் அவர். 1656இல் அங்கேயே காலமானார். அந்நிய தேசத்து ஜனங்களுடைய பாஷையையும் ஆசாரத்தையும் கற்று, அவர்களுடைய வாசல் வழியாகவே அவர்களிடம் போக முயன்ற மகான் இருந்த சபையிலேயே, தோமாவின் கிறிஸ்தவர்களுடைய வாசலை அடைத்தவர்களும் இருந்தார்கள். ஆகையால் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியது எந்த ஒரு சபையையும் அன்று. எல்லாச் சபைகளிலும் எல்லா மனிதரிடத்திலும் குடிகொண்டிருக்கும் ஒரு பயத்தையே நிறுத்த வேண்டும். தான் பிடித்திருக்கும் சத்தியத்தைப் பிறர் சோதித்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அது.

அந்தப் பயம் கொச்சியில் எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். அஹத்தல்லாவை ஏற்றிக்கொண்டு கோவாவுக்குப் போகும் கப்பல் கொச்சித் துறையில் நங்கூரம் போட்டது என்ற செய்தி எட்டியதும், அர்க்கதியாக்கோன் தோமாவும், கத்தனார்கள் என்று அழைக்கப்பட்ட குருமார் பலரும், ஆயுதம் தாங்கிய ஜனங்களும் கொச்சியை நோக்கி வந்தார்கள். அவர்கள் வேண்டியதன் சாரம் மிக எளியது: அந்த மனிதரை எங்களுக்குக் காட்டுங்கள், அவர் கொண்டுவந்த ஓலைகளைச் சோதித்துப் பார்க்க விடுங்கள், பொய்யானவராயிருந்தால் நாங்களே விலக்கிவிடுகிறோம். ஆனால் போர்ச்சுக்கீசியரின் கொச்சிக் கோட்டை வாசல்கள் அடைக்கப்பட்டன. கப்பல் கோவாவுக்குப் போய்விட்டது. அதிமேற்றிராணியார் பிரான்சிஸ் கார்சியா அவர்களைச் சந்திக்க இசையவில்லை. சில நாட்களுக்குள், அந்த ஆயரைப் பரங்கியர் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. அதன் வெம்மையிலே பிறந்ததுதான் மட்டாஞ்சேரிச் சத்தியம்.

காட்டுங்கள் என்று கேட்ட இந்தக் கூட்டம் எவருடைய பெயரைத் தாங்கிய கூட்டம் என்பதை நினைக்கும்போது என் உள்ளம் உருகுகிறது. அப்போஸ்தலர் பன்னிருவரில் காணாமல் நம்பமாட்டேன் என்று சொன்ன ஒரே மனிதரின் வழிவந்தவர்கள் அவர்கள். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அந்தக் கதை வருகிறது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து சீஷர்களுக்குத் தோன்றியபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னபோது, ஆணிகள் பாய்ந்த காயங்களைத் தானே பார்த்துத் தொட்டாலொழிய நம்ப முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எட்டு நாட்களுக்குப் பிறகு, கதவுகள் பூட்டியிருந்த அறைக்குள்ளே கிறிஸ்து வந்து நின்று, எந்தக் காயங்களைப் பார்க்க வேண்டும் என்று தோமா கேட்டாரோ அந்தக் காயங்களையே அவருக்குக் காட்டினார்.

இந்தச் சிறு கதையில் நாம் கவனியாமல் கடந்துபோகும் சங்கதிகள் பல. நம்ப முடியவில்லை என்று சொன்ன தோமாவை மற்றவர்கள் வெளியே தள்ளவில்லை. தோமாவும், உங்களோடு எனக்கு என்ன உறவு என்று கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. தம்மைத் தவிர எல்லாரும் ஆனந்தத்தில் திளைத்திருந்த அந்த எட்டு நாட்களையும் அந்த வீட்டிலே, அந்தப் பந்தியிலே, தம் சந்தேகத்தை மறைக்காமலும் அதற்காக வெட்கப்படாமலும் கழித்திருக்கிறார். அவர் பொய்யாக ஒரு ஸ்தோத்திரம் சொல்லியிருந்தால் அந்த எட்டு நாட்களும் சுலபமாகக் கழிந்திருக்கும். கோபித்துக்கொண்டு போயிருந்தாலும் சுலபமாகவே கழிந்திருக்கும். இரண்டையும் செய்யாமல் காத்திருந்தார். கடைசியில் கிறிஸ்து வந்தபோது, ஏன் சந்தேகப்பட்டாய் என்று அவரைத் தண்டிக்கவில்லை. கண்டித்தது உண்மைதான், ஆனால் முதலில் கையை நீட்டிக் காயத்தைக் காட்டிய பிறகே கண்டித்தார். தோமா உண்மையிலேயே தொட்டாரா என்று சுவிசேஷம் சொல்லவில்லை. காட்டப்பட்டதே அவருக்குப் போதுமானதாயிற்று.

உண்மையாகக் கடவுளைத் தேடுவதென்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை. தேடுகிறவன் தன்னிடம் இல்லாத நம்பிக்கையை இருப்பதாகப் பாவனை செய்ய மாட்டான். இல்லை என்பதற்காகத் தேடலைக் கைவிடவும் மாட்டான். அவனுடைய சந்தேகம் ஒரு பிரார்த்தனை. அந்தப் பிரார்த்தனையைத் தெய்வநிந்தை என்று நினைத்து அவன் வாயை அடைக்கிறவர்கள், எந்தக் கடவுளைக் காப்பதாக எண்ணுகிறார்களோ அந்தக் கடவுளின் சுபாவத்துக்கே மாறாக நடக்கிறார்கள். பூட்டிய கதவுகளைத் தாண்டி உள்ளே வந்து தம் காயங்களைக் காட்டியவர் கிறிஸ்து. காட்டக் கூடாது என்பதற்காகக் கதவைப் பூட்டியது கொச்சிக் கோட்டை. இந்த வேறுபாடு ஒன்றே போதும், 1653இல் யார் பக்கம் பிழை மிகுதி என்று தீர்மானிக்க.

ஆனால் நியாயம் அத்தோடு முடிந்துவிடவில்லை. கேட்டவர்களுக்கும் ஒரு கடமை இருந்தது. அந்தக் கடமையை அவர்கள் முழுதும் நிறைவேற்றினார்கள் என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை. அஹத்தல்லா கடலில் கொல்லப்படவில்லை. கோவாவில் காவலில் வைக்கப்பட்டு, பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, ரோமாபுரிக்குப் போகும் வழியில் பாரிஸ் நகரத்திலே காலமானார். காணவில்லை என்பதற்குப் பதிலாகக் கொன்றார்கள் என்று நிரப்பிக்கொண்டது, காயம்பட்ட ஒரு சமூகத்தின் மனம். அதே ஆண்டு மே மாதம் 22ஆம் தேதி ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமேல் கைவைத்து அவரை முதலாம் மார்த்தோமா என்ற ஆயராக அபிஷேகம் செய்தபோது, அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது அஹத்தல்லாவின் பெயரால் வந்ததாகச் சொல்லப்பட்ட ஓலை. அது உண்மையில் அவருடையதுதானா என்பதில் சரித்திர அறிஞர்களுக்குள் இன்றும் பலத்த கருத்து வேறுபாடு உண்டு. ஓலைகளைச் சோதிக்க விடுங்கள் என்று கோட்டை வாசலில் நின்று கேட்டவர்கள், தங்கள் கைக்கு வந்த ஓலையை அதே கண்டிப்போடு சோதித்தார்களா? எதிராளியின் சாட்சியத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறவன், தனக்குச் சாதகமான சாட்சியத்தை அப்படியே முடிந்துகொள்வது மனித சுபாவம். ஆனால் கடவுளைத் தேடுகிறவனுக்கு இந்தச் சுபாவம்தான் முதல் இடையூறு.

தொடர்ந்து நடந்தவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ரோமாபுரி கர்மேல் சபைத் துறவிகளை அனுப்பியது. ஜனங்கள் இரு பிரிவாயினர். முதலாம் மார்த்தோமாவின் நெருங்கிய உறவினரான பறம்பில் சாண்டி 1663இல் ரோமாபுரியோடு இணைந்த பக்கத்தாருக்கு ஆயரானார். அந்த ஆண்டு ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்துப் பரங்கியர் ஆட்சிக்கு முடிவு கட்டினர். 1665இல் மார் கிரிகோரியோஸ் என்ற கீழ்த்திசை ஆயர் எருசலேமிலிருந்து மார்த்தோமாவின் பக்கத்தாரிடம் வந்தார். மட்டாஞ்சேரி முற்றத்தில் ஒரே குரலாகப் பிரமாணம் சொன்னவர்களின் சந்ததியார் இன்று சீரோ மலபார், மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய, மார்த்தோமா, சீரோ மலங்கரை என்று பல சபைகளாகப் பிரிந்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டு சபைகளுக்கிடையே தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும், தேவாலய வாசல்களில் போலீஸ்காரர் நிற்க வேண்டிய நாட்கள் வந்தன.

கயிற்றைப் பிடித்து நின்ற அந்த மனிதனிடம் மறுபடியும் வருகிறேன். கொச்சிக் காயலோரத்து மக்களுக்குக் கயிறு எப்படி உண்டாகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அழுகிய தோலை நீக்கி, கட்டையால் அடித்து நாரைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, பிறகு முறுக்கித் திரிப்பார்கள். தனி நார் ஒன்று ஏறக்குறைய ஒரு சாண் நீளந்தான் இருக்கும். சிலுவையிலிருந்து முற்றத்தின் கடைசி மனிதன் கைவரை எட்டக்கூடிய நார் ஒன்றுகூட இல்லை. ஒரு நார் முடிகிற இடத்தை வேறு நார்கள் தழுவிக்கொண்டு முறுக்கேறியிருப்பதனாலேயே கயிறு அவ்வளவு தூரம் போகிறது. நம்முடைய விசுவாசமும் அத்தன்மையதே. நம்மில் எவரும் கல்வாரியைக் கண்டதில்லை. தோமா கேட்டபடி காயத்தைப் பார்த்ததில்லை. நமக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த தாயை அறிவோம். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த பாட்டியைச் சிலர் கண்டிருப்போம். அதற்கு அப்பால் பெயரும் முகமும் தெரியாது. அந்த முறுக்கை நம்பியே சிலுவையைத் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லுகிறோம், சொல்லுவதில் பொய்யில்லை. ஆனால் நம் கையில் இருப்பது கயிறு என்பதை மறக்கக் கூடாது. அதை மறந்து, தான் பிடித்த நுனியையே சிலுவை என்று எண்ணி ஒவ்வொருவனும் தன் பக்கம் இழுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் மட்டாஞ்சேரியின் வாய்மொழி மரபு முந்நூற்றெழுபது ஆண்டுகளாக நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது: இழுக்கிறவன் வளைவதில்லை, சிலுவை வளைகிறது.

ஆயினும் அவர்களை நான் குறைவாக எண்ணவில்லை. தங்கள் ஏடுகள் எரிந்தும், தங்கள் ஆயர்கள் தடுக்கப்பட்டும், விண்ணப்பங்கள் மதிக்கப்படாமலும் அரை நூற்றாண்டு பொறுத்திருந்த ஒரு சமூகம், கிறிஸ்துவையே விட்டுவிடுகிறோம் என்று ஒருபோதும் சொல்லவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிறிஸ்துவின் பெயரால் தங்களை வருத்தியவர்களை மறுப்பதற்கும் அவர்கள் கிறிஸ்துவின் சிலுவையையே சாட்சிக்கு அழைத்தார்கள். மதத் தலைவர்களிடம் காயப்பட்டவன், அந்தக் காயத்தோடு கடவுளை விட்டுப் போகாமல் கடவுளிடமே முறையிடுவது பெரிய விசுவாசம். இன்று எத்தனையோ வாலிபர்கள், ஒரு போதகரின் கடுஞ்சொல்லையோ, ஒரு சபையின் பணத்தாசையையோ கண்டு மனம் கசந்து, தேடலையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த முற்றத்து மனிதன் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது: ஆயரை மறுக்கலாம், ஆண்டவரை மறுக்க வேண்டியதில்லை, கோட்டையை விட்டு விலகலாம், சிலுவையைக் கட்டிய கயிற்றை விட வேண்டியதில்லை.

கடவுளை உண்மையாகத் தேடுகிறேன் என்று சொல்லுகிற ஒவ்வொருவரிடமும் நான் தாழ்மையோடு வேண்டிக்கொள்வது இவ்வளவே. உங்கள் வீட்டிலோ, சபையிலோ, எனக்கு நம்பிக்கை வரவில்லை, எனக்குக் காட்டுங்கள் என்று ஒருவன் கேட்டால், அவனைத் துரோகி என்று எண்ணாதீர்கள்; எட்டு நாளானாலும் எட்டு வருஷமானாலும் அவனை உங்கள் பந்தியிலேயே வைத்திருங்கள்; காட்டுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறதோ அதை மறைக்காமல் காட்டுங்கள், அது உங்கள் காயமாக இருந்தாலும் சரி. கேட்கிறவன் நீங்களே என்றால், பொய்யாக நம்பாதீர்கள், கோபித்துப் போகாதீர்கள், கிடைக்காத பதிலை வதந்தியால் நிரப்பிக்கொள்ளாதீர்கள். பிறருடைய ஓலையைச் சோதிக்கும் அதே கண்ணால் உங்கள் ஓலையையும் சோதியுங்கள். கேட்டவனுக்குத் தம் காயத்தைக் காட்டிய கடவுளையே நாம் தேடுகிறோம். அவரைத் தேடுகிறவர்கள் கேள்விக்குக் கதவடைக்க உரிமையற்றவர்கள்.